இரைச்சல் என்று எதனைச் சொல்கிறீர்கள்?

மனிதன் எழுப்பும் ஒலிகளுள் எஃது இசை, எஃது இரைச்சல் என்று தீர்ப்பளிக்கும் உரிமையை நம்மவருள் சிலர் நெடுங்காலமாகத் தமதாக்கிக் கொண்டுள்ளனர். ஒலியைக் கேட்டுத் தீர்ப்பளித்தால் குறையில்லை. அவர்கள் முதலில் பார்ப்பது ஒலிப்பவனின் கையை. அது காய்த்த கையா, மோதிரம் அணிந்த கையா என்று கண்டுகொண்ட பிறகே செவியைத் திறக்கின்றனர். தோட்டத்து உறுமியை இரைச்சல் என்றவர்கள் அவர்களே. அதற்கு முன்னர்ப் பறையை இழிகருவி என்று ஊர்ப்புறத்தே நிறுத்தியவர்களின் வழிவந்தோரும் அவர்களே. இன்று ஹெவி மெட்டல் எனப்படும் மேனாட்டுக் கித்தார் இசையை, ஒரு பாட்டையேனும் முழுமையாகக் கேளாமல், 'பேயிசை' என்று ஒதுக்குகின்றனர். அதனைக் கையிலெடுக்கும் நம் தோட்டப்புறத்து இளைஞனைக் குண்டர் கும்பலுக்கு முன்பதிவு செய்துவிட்டவனைப் போல நோக்குகின்றனர்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் உலு சிலாங்கூர் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கென ஒரு கட்டுரைப் போட்டி நடைபெற்றது. 'நான் போற்றும் கலைஞர்' என்பது தலைப்பு. வந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை திரைப்பட நடிகர்களைப் பற்றியவை. அவற்றை எவரும் தகுதியற்றவை எனக் கூறவில்லை. பத்தாங் காலியிலிருந்து ஒரு மாணவன் டோனி அயோமி என்னும் கித்தார் கலைஞரைப் பற்றி எழுதியிருந்தான். சந்திப்பிழை மூன்றோ நான்கோ இருந்தன. மற்றபடி தெளிந்த தமிழ். நடுவர் மூவருள் நானும் ஒருவன். ஏனைய இருவரும் 'பொருள் தகுதியற்றது' என்று சிவப்பு மையால் எழுதி ஒதுக்கினர். நான் வாதிட்டபோது ஒருவர் சற்றே இறங்கி வந்து, "விடாமுயற்சி என்னும் அறத்தை வலியுறுத்தி எழுதியிருந்தால் ஆறுதல் பரிசாவது கொடுத்திருக்கலாம்" என்றார். இரண்டு தீர்ப்புகளுள் இந்த இரண்டாவதே எனக்குச் சினத்தை மூட்டியது. ஏனென்று விளக்க அந்தக் கலைஞரின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன், இவ்விசையைக் கேட்டறியாத ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஹெவி மெட்டல் என்பதைச் சிலர் 'கன உலோக இசை' என்று பெயர்க்கின்றனர். வேதியியல் நூலில் ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் வைத்த பெயர் அது. நான் பெயரை அப்படியே வைத்துக் கொள்கிறேன். மின்னாற்றலால் பெருக்கப்பட்ட கித்தாரின் நாதத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, தாழ்ந்த சுருதியில், ஒரே மெட்டுத் துண்டைச் சம்மட்டி அடிப்பது போலத் திரும்பத் திரும்ப ஒலித்து, அதன்மீது பாட்டை நிறுத்துவது இதன் அமைப்பு. பின்னாளில் இது பல கிளைகளாய்ப் பிரிந்தது. வேர் எங்கே என்று கேட்டால், பெரும்பாலோர் காட்டும் இடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் வட்டாரம். காட்டும் கை, விரல் நுனி இழந்த ஒரு கை.

அந்தோணி பிராங்க் அயோமி 1948 பிப்ரவரி 19-ஆம் நாள் பர்மிங்ஹாமில் பிறந்தார். இத்தாலிய வழிவந்த குடும்பம், ஒரே மகன். பெற்றோர் ஆஸ்டனில் சிறு கடை நடத்தினர். போரில் குண்டு விழுந்த இடங்கள் இன்னும் மூடப்படாத, புகை படிந்த தொழிற்பேட்டை அது. சிறுவனுக்கு முரசு வாசிக்க ஆசை. வீட்டார் சத்தத்துக்கு அஞ்சி அக்கார்டியன் வாங்கித் தந்தனர். பின்னர்க் கித்தார் கைக்கு வந்தது. இவர் இடக்கையர். ஆகவே நரம்பை மீட்டுவது இடக்கை. நரம்பை அழுத்திச் சுரம் பிடிப்பது வலக்கை. இச்சிறு செய்தியை மனத்தில் வைத்துக் கொள்க.

பதினேழு வயதில் இவர் தகட்டு உலோக ஆலை ஒன்றில் பற்றவைப்பு வேலை செய்தார். இசைக்குழு ஒன்றுடன் ஐரோப்பியப் பயணம் செல்ல வாய்ப்புக் கிடைத்தது. வேலையிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார். கடைசி நாள் வந்தது. நண்பகல் உணவுக்கு வீடு வந்தவர், இனித் திரும்பிச் செல்லப் போவதில்லை என்றார். தொடங்கிய வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பி வைத்தார். அன்று, அவருக்கு முன் நின்று தகட்டை வெட்டி அழுத்தித் தரும் தொழிலாளி வேலைக்கு வரவில்லை. பழக்கமில்லாத அந்தப் பொறியில் இவரை நிறுத்தினர். காலால் மிதித்து இயக்குவது அது. அழுத்தி இறங்கிய பொறி வலக்கையைப் பற்றியது. அனிச்சையாய்க் கையை இழுத்தார். நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் பொறியிலேயே தங்கிவிட்டன. அவற்றை எவரோ ஒரு தீப்பெட்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு வந்தனராம். கறுத்துப் போயிருந்தன, ஒட்டவைக்க இயலவில்லை. இவை யாவும் 2011-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலில் உள்ளவை.

இனிக் கித்தாரை மறந்துவிடு என்றனர் மருத்துவர். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஆலையின் மேலாளர் ஒரு நாள் வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு. அதில் வாசித்தவர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட். 1910-இல் பெல்ஜியத்தில் பிறந்த ரோமானி நாடோடி இனத்தவர். (அவ்வினத்தாரின் மொழி, நம் துணைக்கண்டத்து மொழிகளோடு உறவுடையது என்பதை மொழி நூலார் நெடுநாட்களுக்கு முன்பே நிறுவியுள்ளனர்.) 1928-இல் அவருடைய கூண்டுவண்டி தீப்பற்றி எரிந்தது. இடக்கை விரல்கள் இரண்டு முடங்கின. எஞ்சிய விரல்களைக் கொண்டே அவர் ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கித்தார் கலைஞரானார். முதலில் இசைத்தட்டைக் கேட்க மறுத்த அயோமி, கேட்டபின் எழுந்து உட்கார்ந்தார்.

அதன் பின் அவர் செய்ததை ஓர் ஆலைத் தொழிலாளியின் வேலை என்றே சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் அடைத்து வந்த நெகிழிப் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார். பழுக்கக் காய்ச்சிய பற்றுக்கோலால் துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு விரலுறைகள் செய்தார். நெகிழி நரம்பின்மேல் வழுக்கியது. பழைய தோற்சட்டை ஒன்றிலிருந்து துண்டு வெட்டி நுனியில் ஒட்டினார். உறையணிந்த விரலால் தடித்த நரம்பை அழுத்த முடியவில்லை. மெல்லிய நரம்புகள் அப்போது தொகுதியாகக் கடையில் கிடையா. பான்ஜோ என்னும் வேறொரு கருவியின் நரம்புகளை வாங்கிக் கட்டிக் கொண்டார். பின்னர், நரம்பின் இறுக்கம் குறைய வேண்டிச் சுருதியையே இறக்கினார். 1971-இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆப் ரியாலிட்டி' என்னும் இசைத்தொகுப்பின் பல பாடல்களில் கித்தார் வழக்கமான சுருதிக்கு மூன்று அரைச்சுரம் கீழே நிற்கிறது. அவ்வாழ்ந்த, கனத்த, தளர்ந்த நாதம்தான் பிறகு உலகமெங்கும் ஆயிரமாயிரம் இளைஞர்கள் பின்பற்றிய நாதம். விரல்கள் முழுமையாய் இருந்த அவர்களும் தம் நரம்புகளை இறக்கிக் கட்டினர்.

இப்போது என் நண்பராகிய அந்த நடுவரிடம் வருவோம். விடாமுயற்சி! எத்துணை வசதியான சொல்! பாடநூலில் ஒரு தலைவனின் படத்தைப் போட்டு, அவன் இடர்ப்பட்டான், தளரவில்லை, வென்றான் என்று மூன்று வரியில் முடித்து, மாணவனே நீயும் தளராதே என்று அனுப்பிவிடலாம். இடர் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கமாட்டார். அயோமியின் விரலை வானத்து இடி வெட்டவில்லை. ஆள் வராத இடத்தில், பழக்கமில்லாத பையனை, காப்பில்லாமல் கை நுழையும் பொறியின் முன் நிறுத்திய முறை வெட்டியது. அவ்வாலைகளில் விரல் இழந்தோர் எத்தனை பேர் கித்தார் கலைஞர் ஆனார்கள்? எஞ்சியவர்களெல்லாம் முயற்சியில் குறைந்தவர்களா? ஒருவர் தப்பியதை எடுத்துக்காட்டி மற்றவர்களின் காயத்தை அவர்தம் குற்றமாக்கும் இந்த அறவுரை, முதலாளிக்கு இனிக்கும் அறவுரை. அதனைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழாசிரியர் போதிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனெனில், கையை இழப்பதன் பொருள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றிவிளக்கோடு மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிய தலைமுறையின் உள்ளங்கையை நீங்கள் பார்த்ததில்லையா? ரப்பர்த் தகடு உருட்டும் பொறியின் உருளைகளுக்கிடையே விரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். செம்பனைக் குலையின் முள் தைத்துப் புரையோடியவர்கள் இருந்தார்கள். களைக்கொல்லி தெளித்து நகம் கழன்றவர்கள், பெரும்பாலும் பெண்கள், இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின், அவர்களின் பிள்ளைகள் ரவாங்கிலும் செரண்டாவிலும் கோல சிலாங்கூர்ப் பக்கத்துப் பெஸ்தாரி ஜெயாவிலும் ஆலை வாயிலில் நின்றார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என ஒன்று 1952 முதல் இந்நாட்டில் இருந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ 1971-இல் தொடங்கியது. அச்சட்டங்களின் அட்டவணையை ஒருமுறை படித்துப் பாருங்கள். இந்த விரலில் ஒரு கணு போனால் இத்தனை விழுக்காடு, இரு கணு போனால் இத்தனை விழுக்காடு என்று மனிதக் கையைக் கணுக்கணுவாக விலை மதித்து வைத்திருக்கிறது. அந்த அட்டவணைக்கு எதிரே வைத்துப் படிக்க வேண்டிய வாழ்க்கை அயோமியின் வாழ்க்கை. சட்டம் விழுக்காடு போட்ட அதே குறையிலிருந்து ஒரு புது நாதம் பிறந்தது என்பது இலக்கியமாகாதா? அந்த மாணவன் எழுதியது அதைத்தான். அறவுரை எழுதாமல் விட்டதே அவன் கட்டுரையின் சிறப்பு.

இனிக் கலைஞரின் எஞ்சிய வரலாறு. 1968-இல் அயோமி, முரசுக் கலைஞர் பில் வார்டு, பாஸ் கித்தார் வாசித்த கீசர் பட்லர், பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நால்வரும் ஒன்று சேர்ந்தனர். அனைவரும் ஆஸ்டன் வட்டாரத்துப் பிள்ளைகள். ஆஸி இறைச்சிக் கூடத்தில் வேலை செய்தவர். கார் ஒலிப்பான்களைச் சோதிக்கும் ஆலையிலும் இருந்தவர். திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையும் கண்டவர். பட்லர் கணக்கு எழுதும் வேலைக்குப் பயிற்சி பெற்றவர். அவ்வாண்டின் இறுதியில் ஜெத்ரோ டல் என்னும் புகழ்பெற்ற குழு அயோமியை அழைத்துக் கொண்டது. சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். வரும்போது அங்குக் கற்ற ஒன்றைக் கொண்டு வந்தார்: காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை தொடங்க வேண்டும், ஆலைக்கு வருவது போல. சோம்பேறிகளின் கூச்சல் என்று இவ்விசையைப் பழிப்போர் இந்தக் காலை ஒன்பது மணியை எண்ணிப் பார்க்கலாம்.

1969-இல், பழைய திகில் திரைப்படம் ஒன்றின் பெயரால் குழுவுக்குப் 'பிளாக் சபாத்' என்று பெயரிட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்த முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13-ஆம் நாள், வெள்ளிக்கிழமை வெளிவந்தது. இலண்டன், அமெரிக்க இதழ்களின் விமர்சகர் பலர் எள்ளி நகையாடினர். ஆலைத் தொழிலாளர் வாங்கினர். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்டு' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. இரைச்சல் என்னும் தீர்ப்பு நம்மூர் நடுவர்களின் கண்டுபிடிப்பன்று என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன். அங்கும் மேட்டுக்குடிச் செவியே அதனைச் சொன்னது.

தமிழாசிரியர்கள் இவ்விசையை அணுகுவதற்கு வேறெந்த நாட்டாரிடமும் இல்லாத கருவி ஒன்று உள்ளது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுத்தபோது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று உரைகாரர் வழி நாம் கற்பிக்கிறோம். தேர்விலும் கேட்கிறோம். நிலமும் தொழிலும் மாறினால் பறையும் மாறும் என்பதல்லவா அதன் உட்பொருள்? எறிந்த வலையை இழுப்பவனுக்கு ஒரு பறை, ஏறு தழுவுவோனுக்கு ஒரு பறை என்றால், நாள் முழுதும் சம்மட்டிப் பொறியின் அடியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு எந்தப் பறை? ஆஸ்டனின் ஆலை ஓசை தம் இசைக்குள் இறங்கியதாக அக்குழுவினரே பின்னாளில் கூறியுள்ளனர். ஐந்து நிலத்துக்கு அப்பாற்பட்ட ஆறாம் நிலம் ஒன்று, இரும்பும் புகையும் கருப்பொருளாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிவிட்டது. அதன் பறையும் யாழும் ஒன்றாய்க் கலந்த கருவியே மின் கித்தார். தொல்காப்பியம் கற்ற செவிக்கு இது விளங்காமற் போனால் கற்றதன் பயன்தான் என்ன?

பேயிசை என்னும் பழிக்கு வருகிறேன். அக்குழுவின் பெயரையே கொண்ட முதற் பாடலின் மெட்டு மூன்று சுரங்களால் ஆனது. அடிச்சுரம், அதன் மேல் எட்டாம் சுரம், பின்னர் இரண்டுக்கும் நட்டநடுவே நிற்கும் சுரம். அந்த நடுச்சுர இடைவெளியைத்தான் ஐரோப்பிய இசை மரபினர் 'இசையில் சாத்தான்' என்று பெயரிட்டு வெறுத்தனர். மேனாட்டுச் சமயவாதிகள் பேயிசை என்று கூவியதற்கு இதையும் ஒரு சான்றாக்கினர். நம் இசை மரபில் அதன் பெயர் யாது? பிரதி மத்திமம். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களுள் 37 முதல் 72 வரை சரிபாதி இந்தச் சுரத்தை உடையவை. கலியாணி அவற்றுள் ஒன்று. பண்டைய மேற்செம்பாலையே இன்றைய கலியாணி என்பது பண்ணாராய்ச்சியாளர் பலரின் துணிபு. ஆக, அவர்கள் சாத்தான் என்று விரட்டியதை நாம் மங்கல மேடையில் அமர்த்தி நாகசுரத்தில் வாசிக்கச் சொல்கிறோம்! அவர்களின் அச்சத்தை இரவல் வாங்கி நம் பிள்ளைகளை மிரட்டுவது அறியாமையன்றி வேறென்ன?

பாட்டின் பொருளோ இன்னும் வேடிக்கை. அம்முதற் பாடல் தீயசக்தியைக் கண்டு நடுங்கும் ஒருவனின் அலறல். வழிபாடு அதில் இல்லை. 1971-இன் 'ஆப்டர் பாரெவர்' கடவுள் நம்பிக்கையை ஏளனம் செய்வோரை நோக்கிக் கேள்வி கேட்கிறது. குழுவினர் கழுத்தில் தொங்கிய சிலுவைகளை முதலில் செய்து கொடுத்தவர் ஆஸியின் தந்தை. இரவு நேர வேலை செய்த கருவித் தொழிலாளி. 'வார் பிக்ஸ்' என்னும் பாடல், வியட்நாம் போர் நடந்த நாளில், ஏழைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்கும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் சாடியது. சாத்தான் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த அச்சம் பலமுறை ஆடிப் பார்த்தது. 1992-இல் நீண்ட தலைமுடி வைத்த ராக் பாடகர்கள் அரசு வானொலி, தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்தது. சர்ச், விங்ஸ் ஆகிய மலாய்க் குழுக்களின் பாடகர்கள் முடியைக் கத்தரித்துக் கொண்ட செய்தியை நாடே பார்த்தது. 2001-இல் மெகாடெத் என்னும் அமெரிக்கக் குழு இங்கு நடத்தவிருந்த நிகழ்ச்சி, அவர்களின் மண்டையோட்டுச் சின்னம் முதலியவற்றைக் காரணங் காட்டி நடவாமற் போயிற்று. மண்டையோடு! காளியின் கழுத்தில் மாலையாக அணிவித்து நாம் கும்பிடுவது எதை? அவ்வளவில் விடுகிறேன். அரசின் தடைகள் வந்தன, போயின. நான் அஞ்சுவது நம்மவரின் முகச்சுளிப்புக்கு. அதற்கு அரசாணையும் வேண்டியதில்லை, நீக்கும் நாளும் இல்லை.

மறுப்பாளர் கையில் ஒரு மெய்யான குற்றச்சாட்டு உண்டு. அதனை நான் மறைக்க வேண்டியதில்லை. 1970-களில் அக்குழுவினர் போதைப்பொருளில் மூழ்கினர். அயோமியும் அதற்கு விலக்கல்லர், தாமே எழுதியிருக்கிறார். வந்த பணம் எங்குப் போயிற்று என்று அறியாமல் நிர்வாகிகளோடு வழக்காடி நின்றனர். 1975-இன் தொகுப்பு அந்த வழக்குகளின் நடுவே உருவானது. ஆனால் இதே அளவுகோலை நம் திரையுலகத்தார் மீதும், மதுவில் அழிந்த நம் கவிஞர் சிலர் மீதும் வைக்க நீங்கள் அணியமா? அவர்களை மேடையில் 'குறைகள் மறந்து நிறைகள் போற்றுவோம்' என்பீர்கள். அளவுகோல் நாட்டுக்கு நாடு நீண்டு சுருங்கலாகாது.

அயோமி நிலைத்து நின்றார். பாடகர்கள் மாறினர், முரசுக் கலைஞர்கள் மாறினர். 1968 முதல் 2017 வரை அக்குழுவில் இடையறாது இருந்தவர் அவர் ஒருவரே. 1988-இல் ஆர்மீனியாவை நிலநடுக்கம் சிதைத்தபோது உதவி திரட்டிய இசைவாணர்களுள் அவரும் இருந்தார். பல்லாண்டு கழித்தும் அங்கு ஓர் இசைப்பள்ளியை எழுப்பப் பாட்டு வெளியிட்டுப் பொருள் சேர்த்தார். 2012-இல் நிணநீர்ப் புற்றுநோய் கண்டது. மருத்துவம் பெற்றுக்கொண்டே உருவாக்கிய '13' என்னும் தொகுப்பு 2013-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. அவ்வாண்டே கோவன்ட்ரி பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பட்டம் கண்டால் மட்டும் மதிக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். 2019-இல் பர்மிங்ஹாம் நகரம் ஒரு கால்வாய்ப் பாலத்துக்குப் பிளாக் சபாத் பெயரைச் சூட்டியது. 2023-இல் அந்நகரத்து அரச பாலே நடனக்குழு அவ்விசையை அரங்கேற்றியது. 2025 ஜூலை 5-ஆம் நாள், தாம் பிறந்து வளர்ந்த ஆஸ்டனின் காற்பந்து அரங்கில், பழைய நால்வரும் இறுதியாய் ஒன்று கூடி வாசித்தனர். நோயால் நடக்கவியலாத ஆஸி ஓர் ஆசனத்தில் அமர்ந்து பாடினார். பதினேழு நாளில், ஜூலை 22-இல், அவர் மறைந்தார். ஊரே தெருவில் நின்று வழியனுப்பியது. தன் இரைச்சலை இசையென்று ஏற்க அந்நகருக்கு ஐம்பது ஆண்டு பிடித்தது; ஆனாலும் ஏற்றது.

நாம் உறுமிக்கு என்ன செய்தோம்? தைப்பூசத்திலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் நம் இளைஞர் தோளில் தொங்கும் அக்கருவியைக் காண்பதற்கே கூசுவோர் நம் சங்கங்களில் உள்ளனர். சிலர் அதில் திரைமெட்டு வாசிப்பது உண்மை, அதைக் கண்டிக்கலாம். கண்டிப்போர் எவராவது ஒரு மாலை அந்த இளைஞர்களோடு உட்கார்ந்து, வேறு பாட்டு எழுதிக் கொடுத்ததுண்டா? பத்தாங் காலியில் கடைவீட்டு மாடியொன்றில் ஒத்திகை செய்யும் நான்கு இளைஞர்களை நான் அறிவேன். பகலில் ஒருவர் பாரவுந்து ஓட்டுகிறார், இருவர் ஆலையில், ஒருவர் கெந்திங் மலை விடுதியில். நால்வரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில். "தமிழில் பாடலாகாதா?" என்று கேட்டேன். "எங்களுக்கு எழுத வராது சார். எழுதத் தெரிந்தவர்கள் எங்களிடம் பேசமாட்டார்கள்" என்றார் கித்தார் வாசிப்பவர். சொன்னதில் கசப்புக்கூட இல்லை. ஏதோ பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் கதிர் என்னும் தமிழர் 1992-இல் தொடங்கிய 'ருத்ரா' குழு 1998-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. உபநிடத, வேதாந்தக் கருத்துகளை ஹெவி மெட்டலில் ஏற்றி, உலகெங்கும் கேட்போரைப் பெற்றது. அங்குள்ள இசைப் பேராசிரியர் ஒருவர் அக்குழுவை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியுள்ளார். அவர்கள் பெரிதும் நாடிய மொழிகள் ஆங்கிலமும் வடமொழியும். குறை கூறவில்லை, அது அவர்கள் உரிமை. வடமொழியில் மந்திரமாய்ச் சொன்னால் பொருந்தும் இந்த இசைக்குப் புறநானூற்றுப் போர்க்களம் பொருந்தாதா? காஞ்சித் திணையும் கையறுநிலையும் பொருந்தாதா? பொருந்துமா என்று சோதித்துப் பார்க்கும் இடத்தில் தமிழறிந்தவன் ஒருவனும் இல்லை என்பதுதான் நம் நிலை.

பிளாக் சபாத்தின் மெட்டுகள் பெரும்பாலும் அயோமியின் கையிலிருந்து வந்தன. சொற்களைப் பெரும்பாலும் எழுதியவர் பட்லர். நூல் வாசிப்பில் நாட்டமுள்ள அந்த இளைஞர் அதே ஒத்திகை அறையில், அதே புகையில் உட்கார்ந்திருந்தார். மேடைக்குக் கீழே நின்று மொழித்தூய்மை பேசியிருந்தால் 'வார் பிக்ஸ்' என்னும் பாடல் பிறந்திராது. தமிழாசிரியப் பெருந்தகையீர், யாப்பருங்கலக்காரிகை உங்களிடம் இருக்கிறது. வல்லெழுத்து மிக்கு வரும் வண்ணங்களின் பெயரெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். தட்டுங்கள் என்றால் மேசையில் சந்தத்தைத் தட்டிக் காட்டுவீர்கள். அந்த மாடிப்படி ஒன்றும் செங்குத்தன்று. ஒத்திகை சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு.